கப்பல் பார்க்கிற வீடு

மகள் அடுக்கிய கட்டை வீடு ஒரு நூல்தான் சாய்ந்திருந்தது... சரி, பொய் எதற்கு, இரண்டு விரற்கடையே சாய்ந்திருந்தது, அதுவும் மூன்றாவது மாடி, அதற்கு மேலே கூரையென்று ஒரு முக்கோணக் கட்டை வேறு, எந்தக் கொத்தனாராவது அதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருப்பானா, ஒரே ஒரு தட்டுத்தான், கீழ்க்கட்டையை உள்ளே தள்ளி, மேல்கட்டையை நேராக்கி, ஒரு கண்ணை மூடித் தூக்குப் பார்த்து, ஆகா, என்ன சுத்தம்! மாதுரி பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் முடித்துவிட்டேன், பிள்ளை பார்த்ததும் துள்ளப்போகிறாள் என்று இளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் பாருங்கள், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். வாயோரம் பற்பசை நுரையோடு வந்து நின்றாள், வீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அழவில்லை, அழுதிருந்தால் தோளில் தூக்கிக்கொண்டு மட்டாஞ்சேரியை ஒரு சுற்றுச் சுற்றிச் சமாதானம் செய்திருப்பேன், "இது என் வீடு இல்ல" என்றாள், பிறகு, "அப்பா இனி களிக்கான் வரண்டா" என்றாள், கோபம் வந்தால் என் மகளுக்கு மலையாளம்தான் வரும்... இனிமேல் விளையாட வராதே என்று இசக்கிராஜா மேஸ்திரிக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சீட்டைக் கிழித்துவிட்டது, இருபது வருஷத்தில் என்னை யாரும் வேலையை விட்டு நிறுத்தியதில்லை.

இன்று ஞாயிறு, இதை விட்டால் அடுத்த ஞாயிறுதான். மற்ற ஆறு நாளும் நான் கிளம்பும்போது அவள் தூங்குகிறாள், நான் திரும்பும்போது வீட்டுப்பாடம், சோறு, மறுபடி தூக்கம். போன ஞாயிற்றுக்கிழமைதான் முதன்முதலாக, "அப்பா, வா, இங்க இரி" என்று பாயைத் தட்டிக் கூப்பிட்டாள், எனக்கு என்ன பெருமை, பெண்டாட்டி சுபாஷிணியிடம் நாலு தரம் சொன்னேன், அவள், "ஆமா, கலெக்டர் உத்தியோகம் குடுத்துட்டா" என்று மீனை உரசிக்கொண்டே சிரித்தாள். ஒரு வாரத்தில் அதையும் கெடுத்துக்கொண்டேன். இந்தக் கட்டைகள் நான் கொண்டுவந்தவைதானே, இடக்கொச்சியில் வேலை நடக்கும் வீட்டில் ஆசாரி அறுத்துத் தள்ளிய துண்டுகள், ஒவ்வொன்றையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சிராய் குத்தாமல்... அதற்கு முன்னால் பிராட்வே கடைத்தெருவில் வாங்கிய பொம்மை, கண்ணைச் சிமிட்டும், பாடும், மூன்றே நாளில் கட்டிலுக்கடியில் போய்விட்டது, அதுவே பாடி அதுவே ஆடினால் பிள்ளை என்னதான் செய்வாள்? இந்தக் கட்டைகள் ஒன்றுமே செய்யாது, அதனால்தான் பஸ் ஆகிறது, படகு ஆகிறது, பூனைக்குக் கட்டில் ஆகிறது. இவ்வளவு தெரிந்தவனுக்குக் கை சும்மா இருந்ததா?

கீழே சந்தில் தார்ப்பாய் நிழலில் சீட்டுக் கச்சேரி தொடங்கிவிட்டது. முகமது இஸ்மாயில் இக்கா, தெருவுக்கே அண்ணன், துறைமுகத்தில் சுமை தூக்கி ஓய்ந்தவர், தோற்றுப்போய் இரண்டு காதிலும் குணுக்குத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், தோற்றவன் காதில் தொங்கல் போட்டுக்கொள்ள வேண்டும், அதுதான் ஆட்டத்தின் சட்டம், பேரன் பேத்தி எடுத்த மனிதர், அந்தக் கோலத்தில் சாயா குடிக்கிறார், தெருவில் போகிறவர்களிடம் நலம் விசாரிக்கிறார்! என்னைப் பார்த்துவிட்டார், "மேஸ்திரீ, ஒரு கை குறவாணு, வா" என்கிறார், ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைகிறதாம், ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிடுவார், நானும் வேலை இருக்கு இக்கா என்பேன். என்ன வேலை? ஒரு வேலையும் கிடையாது, எனக்கு அப்படி உட்கார வராது, அவ்வளவுதான். பதினாலு வயதில் கொத்து வேலைக்குக் கையாளாகப் போனபோது என் மேஸ்திரி கரண்டிக் காம்பால் விரல் முட்டியில் அடிப்பார், கோணல் வைத்தாயா, ஒன்று, மறுபடி வைத்தாயா, இரண்டு... நாலு மாதத்தில் என் கை கோணலை மறந்துவிட்டது. மளிகைக் கடையில் சோப்புக் கட்டியைக்கூட வரிசை பிடித்துத்தான் வைக்கிறேன், பஜார் ரோட்டில் பழைய சரக்குக் கிட்டங்கிச் சுவர்கள் வயிறு தள்ளி நிற்பதைப் பார்த்தால் கழுத்து தானாகச் சாய்கிறது, சுபாஷிணி, "முதல்ல உங்க தலைய மட்டம் பாருங்க" என்பாள். இக்காவின் காதில் குணுக்கு ஆடுகிறது, எனக்கு ஏனோ பொறாமையாக இருக்கிறது.

மாதுரி என் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, நான் நேராக்கிய வீட்டைப் பிரித்து அடுக்குகிறாள், ஒரு கட்டையைக்கூட எறியவில்லை, அந்த நிதானம்தான் பயமாக இருக்கிறது. அடுப்படிக்குப் போய்க் குரலைத் தணித்து, என்னதான் கோபம் அவளுக்கு, நேராகத்தானே வைத்தேன் என்றால், சுபாஷிணி, "பிள்ளைகிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?" என்கிறாள். கேட்க என்ன இருக்கிறது, சாய்ந்த சுவரிடம் யாராவது... "அந்த வீடு கப்பல் பாக்குது" என்றாள். எனக்கு விளங்கவில்லை. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஜன்னலுக்கு இழுத்து வந்து, இடப்பக்கமாகத் தலையையும் தோளையும் வெளியே சாய்த்துக் காட்டினாள், நானும் சாய்ந்தேன், இரண்டு ஓட்டுக் கூரைகளுக்கு நடுவே ஒரு கையகலத் தண்ணீர், அதில் ஒரு சிவப்புக் கப்பலின் மூக்கு! ஐந்து வருஷமாக இந்த வாடகை அறையில் இருக்கிறேன், இங்கிருந்து கப்பல் தெரியும் என்று எனக்குத் தெரியாது. "தெனமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து இப்படித்தான் நிப்பா, சாஞ்சாத்தானே தெரியும், அதான் வீட்டையும் சாச்சு வச்சிருக்கா"... அட பாவி, அட முட்டாப் பயலே, பிள்ளை காரணத்தோடு அல்லவா சாய்த்திருக்கிறாள், நான் போய் அந்த வீட்டின் கண்ணைப் பொத்திவிட்டேனே.

மன்னிப்புக் கேட்டால் எடுபடாது, அவள் சுபாஷிணியின் மகள். வேட்டியை மடித்துக் கட்டினேன், துண்டைத் தலையில் சுற்றினேன், பாயின் ஓரத்தில் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு, "மேஸ்திரி, வேல எதும் இருக்கா?" என்றேன். நிமிரவில்லை. ஒரு கட்டையை வைத்தாள், இன்னொன்றை வைத்தாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? "எந்த ஊரு?" என்றாள். தென்காசிப் பக்கம் மேஸ்திரி. "பணி அறியுமோ?" தெரியாது மேஸ்திரி, புதுசு. நன்றாக யோசித்தாள். "சொவருல கை வைக்கக் கூடாது, மணல் மட்டும் சொமக்கணும்" என்று பிஸ்கட் டப்பா மூடியை நீட்டினாள், வெறும் மூடி, தலையில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன், "அய்யே! கனமுண்டு, மெதுவா!" என்று அதட்டினாள், அதுதானே, மணல் சுமக்கிறவன் இப்படியா நடப்பான், முழங்காலை மடக்கி, மூச்சு வாங்கி, ஜன்னலைத் தாண்டும்போது கீழேயிருந்து இக்கா, "எந்து பற்றி மேஸ்திரீ?" என்று கத்துகிறார், என்ன ஆயிற்றாம் எனக்கு, "வேல கெடச்சிருச்சு இக்கா!" என்று நானும் கத்தினேன், எவ்வளவு சந்தோஷம், சத்தியமாக அவ்வளவு சந்தோஷம், எட்டு நடை சுமந்தேன், கழுத்தே வலித்தது.

ஒன்பதாவது நடையில், "ம், இந்தக் கட்ட நீ வை, சாச்சு வை" என்று என் கையில் கொடுத்துவிட்டாள். வைத்தேன், நேராக நின்றது. "சாச்சு!" மறுபடி வைத்தேன், கடைசி நொடியில் கட்டைவிரல் தானாக வந்து ஓரத்தைச் சரி செய்துவிட்டது, சனியன் பிடித்த விரல். மாதுரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "சாரமில்ல, பழகும்" என்றாள், பரவாயில்லையாம், யாரும் என்னை அடிக்கவில்லை. மூன்றாவது தரம் கட்டையைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வைத்தேன், அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு பார்த்தாள், கையை எடுத்தேன்... நிற்கிறது! எப்படி நிற்கிறது என்று எனக்குத் தெரியாது, சாய்ந்துகொண்டு நிற்கிறது, மாதுரி கைதட்டிக் குதித்தாள், நானும் குதித்தேன், வீடு அசையவில்லை. கையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டு, "இன்னைக்கிப் பணி கழிஞ்சு. நாளைக்கிக் காலையில ஏழு மணிக்கு வரணும், லேட்டானா வேற ஆள் நோக்குவேன்" என்றாள், தினமும் இரவில் போனில் என் ஆட்களிடம் நான் சொல்வதை அப்படியே, அதே குரலில். சரி மேஸ்திரி என்றேன். அவள் தலையாட்டிவிட்டு மீன் குழம்பு வாசத்துக்கு ஓடிவிட்டாள். நாளைக்கு ஏழு மணிக்கு இடக்கொச்சியில் காங்கிரீட், எட்டுப் பேர் எனக்காக நிற்பார்கள்... விளையாட்டுக்குத்தானே சொன்னோம் என்று பார்த்தால், அவள் சிரிக்கவில்லையே, நானும் சிரிக்காமல்தானே தலையாட்டினேன், உள்ளே தட்டு வைக்கும் சத்தம் கேட்கிறது, நாளைக்கு வர முடியாது என்று இப்போது அவளிடம் போய்ச் சொல்ல வேண்டியது யார், அப்பாவா, கையாளா?