நீலம் கூடிய தோல்

பொம்மைத் தோலுக்கு நிறம் கலக்கும்போது டியூப்லைட்டை நம்பக் கூடாது. நான் ஜன்னல் வெளிச்சத்தில், அஞ்சலியின் முன்கையோடு ஒப்பிட்டுத்தான் கலப்பேன். மார்த்தாண்டத்திலிருந்து தாம்பரம் வந்து மூன்று வருடம். இந்த ஊரில் என்னை அண்ணா என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவள்தான். என் வாடகை வீட்டிலேயே இரண்டு பேரும் சிலிக்கான் பொம்மை செய்கிறோம். வெள்ளைக்காரக் குழந்தை நிறம் கிடையாது. அஞ்சலியின் நிறம்தான்.

அன்று காலை பழுப்பு விட்டேன், மஞ்சள் விட்டேன், ஒத்துவரவில்லை. நீலம் ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. இப்போது அப்படியே பொருந்தியது. அதற்குப் பிறகுதான் கையைப் பார்த்தேன். முழங்கை வரை கன்றிப்போயிருந்தது. நடுவில் சின்னதாக ஒரு வேல் குறி.

அவள் புருஷன் லோகுவின் மோதிரம் பதிந்த தடம் அது. கேளம்பாக்கத்தில் மீன் விற்கும் அவன் அம்மா அம்மணி, திருப்போரூர் முருகன் கோயிலில் வாங்கிப் போட்ட மோதிரம். அஞ்சலியின் மூன்று வயது மகள் அந்த அம்மாவிடம்தான் இருந்தாள். தன் பிள்ளை கை நீட்டமாட்டான், எங்கேயோ விழுந்துவிட்டு அவன்மேல் பழி போடுகிறவளிடம் குழந்தையைத் தரமாட்டேன் என்று மூன்று முறை அஞ்சலியை வெறும் கையோடு அனுப்பியிருந்தார்.

நீலம் கூடிய சிலிக்கான் கலவையை வீணாக்க மனசில்லாமல் தட்டில் ஊற்றித் தரையில் வைத்தேன். அது இறுகப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். நான் அவள் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது லோகு உள்ளே வந்தான்.

"இன்னாடா, என் பொண்டாட்டிக்குக் கைஜோசியம் பாத்துகினு கீறியா?"

கலர் பார்ப்பதாகச் சொல்ல ஆரம்பித்தேன். கலக்குகிற கம்பியை எடுத்து என் வாயில் அடித்தான். இரண்டு பல் நாக்கில் உருண்டது. அஞ்சலியின் முடியைப் பிடித்து அவள் தலையைச் சுவரில் மோதினான். மறுபடி மோதினான். இரண்டாவது சத்தம் வேறு மாதிரி இருந்தது. கைக்குக் கிடைத்த பிளாஸ்டர் அச்சால் அவன் காதோடு சேர்த்து அடித்தேன். அச்சு உடைந்தது. குப்புற விழுந்தான். முஷ்டி தட்டுக்குள் புதைந்தது.

நான் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்தேன். அஞ்சலி இரண்டு காலையும் அவன் மணிக்கட்டில் வைத்து ஏறி நின்றாள்.

"ஊத்தி எத்தினி நிமிஷம் ஆச்சுண்ணா?"

"ஏழு."

"இன்னும் அஞ்சு. புடிச்சிக்கோ."

அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். நெற்றி ரத்தம் மூக்கு வழியாகச் சொட்ட, அவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் என் கெண்டைக்காலைக் கடித்துச் சதையைக் கிழித்தான். அஞ்சலியின் காலுக்கடியில் அவன் மணிக்கட்டு முறிந்தது. அவள் இறங்கவில்லை. அவள் மோதிரத்தை அச்சு எடுக்கிறாள் என்று பத்தாவது நிமிடத்தில்தான் எனக்குப் புரிந்தது.

பன்னிரண்டு ஆனதும் விட்டோம். தொங்குகிற கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரையும் வெட்டுவேன் என்று சொல்லிவிட்டு ஓடினான்.

அஞ்சலி தட்டிலிருந்ததை உரித்துக் கவரில் போட்டாள். பஸ் பிடித்துக் கேளம்பாக்கம் போனோம். அம்மணி சந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.  அஞ்சலி வெட்டுகிற பலகையில் அந்தத் தோலை வைத்து, பக்கத்தில் தன் கையையும் வைத்தாள். இரண்டும் ஒரே நிறம். தோலில் நான்கு விரல் முட்டிகளின் பள்ளம், ஒன்றின் அடியில் வேல். அவள் கையிலும் அதே வேல்.

அம்மணி செதில் ஒட்டிய விரலால் முதலில் தோலைத் தடவினார். பிறகு கையைத் தடவினார். 

"நான் வாங்கிப் போட்டதுதான்," என்றார்.

இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து அஞ்சலியிடம் கொடுத்தார்.

"பாப்பா தூங்கிகினு கீது. எழுப்பாம தூக்கிகினு போ."

மீன் பெட்டியிலிருந்து ஒரு துண்டு ஐஸை எடுத்து, என் வாய்க்கு நேரே நீட்டினார்.