மூக்குச் சீட்டு

ஆனி போய் ஆடி பிறந்திருந்தது. திரிகூடமலையின் முடிகளில் மேகம் கவிந்தது கவிந்தபடியே கிடந்தது. கதிரவன் எழுந்த வேளையும் சாய்ந்த வேளையும் குற்றாலநாதர் கோயில் மணியைக் கேட்டுத்தான் ஊருக்குத் தெரிந்தன. மழை என்று சொல்லவொண்ணாத பூந்துளிகள் காற்றின் மேலேறி வந்து, கூரைகளிலும் குடைகளிலும் குரங்குகளின் முதுகிலும் ஓசையின்றி அமர்ந்தன. பேரருவி மட்டும் தன் ஒற்றைச் சொல்லை ஓயாமல் ஓதிக்கொண்டிருந்தது. சில நாள் கேட்டபின் காது அதையும் கேளாமல் விட்டுவிடும். பாறைகளும் படிகளும் நனைந்து கறுத்து, எதையோ நினைத்து நினைத்துப் பின் மறந்தவை போல் இருந்தன.

அந்தச் சாரல் மணக்கும் என்பார்கள். ஈர மண்ணும் செண்பகமும் சந்தனக் காட்டின் காற்றும் கலந்த மணம். அருவிக்கரைக் காவல் கொட்டகையில் பணியிலிருந்த ஏட்டு நாறும்பூநாதனுக்கு அது பிறர் சொல்லக் கேட்கும் செய்தியாகிவிட்டது. பங்குனியில் வந்த காய்ச்சல் இருபது நாள் கிடத்திவிட்டு இறங்கியபோது, மூக்கிலிருந்த உணர்வையும் எடுத்துக்கொண்டு போயிற்று. திருநீற்றின் மணம் போயிற்று. சோறும் மண்ணும் ஒன்றாயின. சுந்தரபாண்டியபுரத்து வீட்டில் ஒருநாள் மனைவி வடிவம்மாள், கருகிப்போன வற்றல் குழம்பை அறியாமல் பரிமாறிவிட்டுத் துடித்தாள். அவர் இன்னும் ஒரு கரண்டி கேட்டார். அவள் கணவர் முகத்தைப் பார்த்தாள்.

வேறோர் ஏட்டுக்கு இது வீட்டோடு போகும் குறை. நாறும்பூநாதனோ மூக்குச் சீட்டு வாங்கியவர்.

மதுவிலக்கு வந்த புதிதில், குடித்தவனென்று பிடிபட்டவனை ஒவ்வொரு முறையும் தென்காசி டாக்டரிடம் கொண்டுபோக இயலாமல், அந்த வட்டத்துப் போலீஸ் மேலதிகாரி ஓர் ஏற்பாடு செய்திருந்தார். ஏட்டு ஒருவர் டாக்டர் முன் கண்ணைக் கட்டிக்கொண்டு அமர வேண்டும். கள், சாராயம், மருந்துக்கடை அரிஷ்டம், புளித்த காடி என நான்கு குப்பிகளை மாற்றி மாற்றி நீட்டுவார்கள். மும்முறையும் பிழையின்றிச் சொன்னால், பிடிபட்டவனை ஊதச் சொல்லி அவன் மூச்சை முகர்ந்து எழுதும் தகுதி உண்டென்று ஒரு சீட்டுக் கிடைக்கும். சீட்டுடையவர் தாமே முகர வேண்டும். பிறர் மூக்கை நம்பி எழுதலாகாது. சளி பிடித்த நாளில் முகரலாகாது. ஆண்டுதோறும் ஆனியில் மறுபடி தேற வேண்டும்.

முதலாண்டில் நாறும்பூநாதன், அரிஷ்டக் குப்பியை நீட்டியபோது அது தசமூலம் என்றுகூடச் சொன்னார். "பேருக்கேத்த மூக்கு வே உமக்கு!" என்று டாக்டர் சிரித்தார்.

இந்த ஆனியில் நடுக்கத்தோடு போய் நின்றார். ஆசுபத்திரி வாசல் நிறையக் காய்ச்சல்காரர்கள். டாக்டர் குப்பிகளை எடுக்கவேயில்லை.

"போன வருசம் பாத்த மூக்குதான வே? அது எங்க போயிரப் போவுது?" என்றபடி கையெழுத்திட்டார்.

போய்விட்டது என்று சொல்ல நாறும்பூநாதன் வாய் திறந்தார். சீட்டில்லையேல் அருவிக்கரைப் பணியில்லை. கடைவீதியில் மரியாதைக்கு எழுந்து நிற்பாரில்லை. திறந்த வாய் மூடிக்கொண்டது.

அதன்பின் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கூட இருந்த கான்ஸ்டபிள் துல்கர்னைன் கடையநல்லூர்க்காரர். தலைமுறை தலைமுறையாகக் கள்வாடை அண்டாத வீட்டுப் பிள்ளை. யாராவது குடித்துவிட்டு ஊதினால் அருகில் நிற்கும் அவர் முகம் தானே கோணும். நாறும்பூநாதன் ஊதுகிறவனிடம் மூக்கை நீட்டுவார், கடைக்கண்ணால் துல்கர்னைன் முகத்தைப் பார்ப்பார், கோணினால் எழுதுவார். எழுதும்போது அவர் நெஞ்சில் ஒன்றும் எழவில்லை. மூக்கு மரத்ததோடு வேறெதுவோ சேர்ந்து மரத்திருந்தது.

ஆடி முதல் வெள்ளியன்று, அருவிக்கரையில் குளிக்க வருவோர்க்கு எண்ணெய் தேய்க்கும் பலவேசத்தை நாலுபேர் பிடித்து வந்தார்கள். பட்டணத்திலிருந்து வந்த கனவான் ஒருவர் முன்னால் நின்று கத்தினார்.

"தள்ளாடுறான், பாருங்க! கண்ணு ரெண்டும் செவசெவன்னு இருக்கு!"

"பாசியில வழுக்கிக் காலு பெசகிட்டு, ஏட்டையா. எண்ணெய் பட்ட கண்ணு வேற எப்படி இருக்கும்?" என்றார் பலவேசம்.

"சாராயக்கடை தெறந்திருக்க செங்கோட்டைப் பக்கம் போய் ஊத்திட்டு வந்திருப்பான். பழைய குடிகாரன்தான!" என்று கூட்டத்தில் ஒருவன் சொல்ல, சிலர் சிரித்தார்கள். அது பொய்யன்று. இரண்டாண்டுக்கு முன்வரை பலவேசம் குடித்தவர்தாம்.

பக்கத்துப் பழக்கடையில் தாணு, வந்தவர்களுக்காக ஒரு முள்பழத்தைக் கத்தியால் பிளந்துகொண்டிருந்தான். வேடிக்கை பார்த்தபடியே கத்தியை நெம்பினான்.

"ஊதுலே," என்றார் நாறும்பூநாதன்.

பலவேசம் ஊதினார். துல்கர்னைன் முகம் கோணியது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஏட்டு காகிதத்தை எடுத்தார். 'மூச்சில் சாராய நெடி கனமாக வீசியது. நானே முகர்ந்தேன்' என்று எழுதி ஒப்பமிட்டார். பலவேசத்தைத் தென்காசிக்கு அனுப்பினார்கள். திங்களன்று விசாரணை, ஆறு வாரமாவது உள்ளே என்று பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் முற்பகலில் பலவேசத்தின் மனைவி ஆவுடையம்மாள் இடுப்பில் பெண்குழந்தையும் கையில் ஒரு துணி மூட்டையுமாகக் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். அழவில்லை.

"ஏட்டையா, ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிருதேன். குடிச்சதுக்காக நான் மூணு வருசம் எங்கம்மை வீட்டுல கெடந்தேன். இனிமே தொட்டா நீ எம் மூஞ்சில முழிக்க வேண்டாம்னு குற்றாலநாதர் சந்நிதியில சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணினாவ. அதை நம்பித்தான் வந்தேன். நேத்து விடியக்காலம் கஞ்சி குடுத்தேன். எனக்கு எந்த வாடையும் தெரியல."

"பின்ன என்னம்மா கேக்க வந்தே?"

"என் மூக்கு என்ன மூக்கு? அவுக மேல உள்ள ஆசையில அது பொய் சொல்லும். உங்க மூக்கு டாக்டர்கிட்டப் பரீட்சை குடுத்த மூக்கு. நீங்க மோந்து பாத்தது நெசந்தான்னு ஒரு வாய் சொல்லுங்க. இப்படியே அம்மை வீட்டுக்கு வண்டி ஏறிருதேன். பெறவு அவுக வெளிய வந்தாலும் நான் திரும்ப மாட்டேன்."

குழந்தை ஏட்டின் சிவப்புத் தலைப்பாகையை வியந்து பார்த்துக்கொண்டிருந்தது. நாறும்பூநாதன் மேசைமேலிருந்த காகிதக் கட்டைச் சரிசெய்தார், மீண்டும் கலைத்தார்.

"திங்கக்கெழமை கோர்ட்டுல சொல்லுதேன். அதுவரைக்கும் வண்டி ஏறாதம்மா."

அவள் போனபின் துல்கர்னைனைக் கேட்டார்:

"நேத்து நெடி அவ்வளவு கனமாவா இருந்துச்சு?"

"அதை ஏன் கேக்கீங்க! கொடலைப் புரட்டிட்டு. தாணுப்பய அந்தத் துரியன் பழத்தை மூக்குக்கு நேராவா உடைக்கணும்? நீங்க எப்படித்தான் அசையாம நின்னீங்களோ, ஏட்டையா!"

"பழமா?"

"பின்ன? பலவேசம் அண்ணாச்சிகிட்ட எனக்கு எண்ணெய் வாடைதான் அடிச்சுது. நீங்க கனமா வீசுச்சுன்னு எழுதினீங்க. சீட்டுள்ளவருக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிரப் போவுதுன்னு இருந்துட்டேன்."

ஏட்டு தம்முடைய கதையை முழுதும் சொன்னார். துல்கர்னைன் கேட்டுக்கொண்டே பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டார்.

"எம் மூஞ்சியப் பாத்தா எழுதினீங்க? யா அல்லாஹ்! என் மூஞ்சி கோணினதுக்கா ஆளுகளை உள்ள போட்டீங்க?"

வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. நல்ல மனைவி ஒருத்தி தன் மூக்கை நம்பாமல் தம் மூக்கை நம்பி மூட்டை கட்டி நின்றதை மட்டும் அவர் மனம் திரும்பத் திரும்பப் பார்த்தது. நான்கு மாதத்துக்குப் பின் முதன்முறையாக உள்ளே எங்கோ வலித்தது.

திங்களன்று தென்காசிக் கோர்ட்டில் கூண்டேறினார். மாஜிஸ்திரேட் காகிதத்தைப் படித்துவிட்டு, "இது நீர் எழுதினதுதானே?" என்றார்.

"எழுத்து என்னுதுதான், ஐயா. மோந்து பாத்தது நான் இல்லை. பங்குனிக் காய்ச்சல்லேர்ந்து எனக்கு ஒரு வாடையும் தெரியாது. இவரு குடிச்சிருந்தாருன்னு சொல்ல என்கிட்ட ஒண்ணுமே இல்லை."

"ஆனியில கொடுத்த சீட்டு இருக்கே?"

"சீட்டு இருக்கு, ஐயா. மூக்கு இல்லை."

பின்வரிசையில் யாரோ சிரித்தார். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. "இதுக்கு முன்னே எத்தனை பேர்?" என்று கேட்டார்.

"பதினோரு பேரு. எல்லார் பேரையும் எழுதிக் கொண்டாந்திருக்கேன்." தாளை நீட்டினார். "ஒண்ணு சொல்லிக்கிடுதேன், ஐயா. குடி கெட்டதுதான், ஒரு வீட்டை அழிக்கும். தெரியாததைத் தெரியும்னு எழுதிப் போடுத கையெழுத்து இருக்கே, அது எத்தனை வீட்டை அழிக்கும்னு போட்டவனுக்கே தெரியாது. சோதிக்காம டாக்டர் போட்டாரு. அதை வச்சு, மோந்து பாக்காம நான் போட்டேன். சட்டம் நல்லதாவே இருக்கட்டும். அதைக் கையில வச்சிருக்கவன் மெய்யா இல்லைன்னா, அதுவும் ஒரு போதைதான்."

பலவேசம் அன்றே விடுதலையானார். பதினொரு வழக்குகளின் காகிதங்களையும் மறுபடி எடுக்க உத்தரவாயிற்று. நாறும்பூநாதனின் சீட்டு கிழிக்கப்பட்டது. சட்டைக் கையிலிருந்த ஏட்டுப் பட்டைகள் பிரிக்கப்பட்டன. பிரித்த இடத்தில் துணி புதிதாக இருந்தது.

அன்று சாயரட்சை வேளையில் அவர் குற்றாலநாதர் சந்நிதிக்குப் போனார். காய்ச்சலுக்குப் பின், மணம் அறியாதவன் பூக்கொண்டு போவதெப்படி என்று வெறுங்கையோடே போய்வந்தவர், இன்று வாழையிலையில் ஒரு கைப்பிடி முல்லையை ஏந்தி நின்றார். சுவாமிக்குரிய மலரை முகர்ந்து பார்க்கலாகாது என்பது அவர் சிறுவயதில் கற்ற நியமம். தவறியும் முகர முடியாதவரின் கைகள் அம்மலரைப் படியில் வைத்து வணங்கின. தீபம் ஏறி இறங்கியது.

திரும்பியபோது தூணருகில் பலவேசமும், குழந்தையோடு ஆவுடையம்மாளும் நின்றிருந்தார்கள். பலவேசம் தம் எண்ணெய்க் கையால் அவர் கையைப் பற்றி விட்டார். ஆவுடையம்மாள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்:

"மூக்கு திரும்பினாலும் திரும்பாட்டாலும், கோர்ட்டுல சொன்ன இந்த மெய்வாக்கு உங்ககிட்ட என்னைக்கும் நிக்கட்டும், அண்ணாச்சி. நீங்களும் உங்க வீடும் நல்லா இருக்கணும்."