கருவாட்டு லாரியில் போன சீர்

“எழுதவாவது தெரியுமா?” என்று பழனிச்சாமி என்னிடம் கேட்டார். வாய் நிறைய இட்லி இருந்தது. நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியதை அப்பா அப்போதுதான் அவரிடம் சொல்லியிருந்தார். எனக்கு வெளி ஆட்கள் முன்னால் பேச்சு வராது. தலையை மட்டும் ஆட்டினேன். அப்படியானால் சாமான்களுக்கு ஒரு லிஸ்ட் எழுதிக் கொடு பாப்பா என்றார். எழுந்து, கையைக் கழுவாமல் கதவுத் திரையில் துடைத்தார். பிறகு ஒரு தீக்குச்சியால் பல்லைக் குத்திவிட்டு, அந்தக் குச்சியைத் திரும்பவும் தீப்பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

தொண்ணூற்றிரண்டு வைகாசியில் சிந்து அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மதுரை. பீரோ, கட்டில், இரண்டு இலவம்பஞ்சு மெத்தை, கிரைண்டர், தையல் மெஷின், பித்தளைப் பாத்திரங்கள் என்று சீர் முழுவதும், கர்நாடகத்தில் நாங்கள் குடியிருந்த தொம்மலூரிலிருந்து அங்கே போக வேண்டும். அக்காவின் மாமியார் வள்ளலார் சபைக்காரர். அந்த வீட்டில் முட்டைகூட அடுப்பேறாது. எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி தவிர மற்ற நாட்களில் மீன் உண்டு. பெண் பார்க்க வந்த அன்றே அந்த அம்மாள் எங்கள் சமையலறையில் நின்று மூக்கைச் சுருக்கியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இனிமேல் தொடமாட்டேன் என்று அக்கா வாக்குக் கொடுத்த பிறகுதான் தட்டு மாற்றினார்கள்.

சாமான் அனுப்ப அப்பா முதலில் இந்திராநகர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார். மேஜையில் வீணா என்ற கன்னடப் பெண் இருந்தாள். எங்களுக்காகத் தமிழில் பேசினாள். ஒவ்வொரு சாமானையும் சாக்கில் சுற்றித் தைப்பார்களாம். லிஸ்ட் இரண்டு பிரதி எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டு, ஒன்றை நம்மிடம் கொடுப்பார்களாம். நாலாயிரத்து இருநூறு ரூபாய். அப்பா முகம் சுருங்கியதைப் பார்த்து அவளே சொன்னாள்: “வேற இடத்துல குடுத்தாலும் சும்னே குடுக்காதீங்க சார். லாரி உள்ளே ஏறி, மோந்து பாத்துட்டுக் குடுங்க.” அங்கே இருந்த அரை மணி நேரமும் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. அதனாலேயே எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது.

பழனிச்சாமி கலாசிபாளையத்து லாரி புரோக்கர். தமிழ்நாட்டிலிருந்து சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிற லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுப்பவர். ஆயிரத்துத் தொள்ளாயிரம் போதும் என்றார். ஆனால் அப்பா மயங்கியது விலையில் இல்லை. பழனிச்சாமிக்கு உசிலம்பட்டி. அப்பாவுக்கும் அந்தப் பக்கம்தான். போன டிசம்பர் காவிரிக் கலவரத்தில் பத்து நாள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்ததிலிருந்து, அப்பா கடுகு வாங்குவதாக இருந்தாலும் கடைக்காரன் நம்ம ஆளா என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குவார். கர்நாடக நம்பர் லாரி ஓசூர் தாண்டினதும் எவனாவது கல் எறிந்தால் யார் பொறுப்பு என்று அம்மாவிடம் கேட்டார். நம்ம ஆள் என்று முடிவாயிற்று.

சாமான் ஏற்றுகிற நாள் நான்தான் லிஸ்ட்டோடு லாரிக்குள் ஏறினேன். முதலில் கண் எரிந்தது. பலகை இடுக்கெல்லாம் உப்பும் செதிலும். மூலையில் கறுப்பாகத் தண்ணீர் தேங்கி, அதன்மேல் ஈக்கள் நகராமல் உட்கார்ந்திருந்தன. செருப்பு ஒட்டி ஒட்டி வந்தது. நாங்கள் கருவாடு தின்கிறவர்கள்தான். ஆனால் அது கருவாட்டு வாசனை இல்லை, அழுகல். இறங்கி வந்து அப்பா காதில் சொன்னேன். அவர் ஏதோ மன்னிப்புக் கேட்பவர் போலச் சிரித்துக்கொண்டே பழனிச்சாமியிடம் கேட்டார்.

“நேத்து நாகப்பட்டினத்துச் சரக்கு வந்துச்சுண்ணே. பினாயில் ஊத்திக் கழுவியாச்சு. ஓட்டத்துல காத்துப் பட்டா போயிரும்.”

காற்று எப்படிப் படும்? மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். பீரோவில் கீறல் விழக்கூடாது என்று இரண்டு மெத்தைகளையும் அடியில், அந்தத் தரையிலேயே விரித்து, அதன்மேல் பீரோவைச் சாய்த்தார்கள். நான் லிஸ்ட்டின் கடைசி வரியாக, ‘லாரித் தரையில் கருவாட்டுத் தண்ணீர் இருந்தது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கச் சொல்லி நீட்டினேன். அப்பா படித்துவிட்டு முறைத்தார். “நம்ம ஆளுகிட்ட கையெழுத்தா? மானத்த வாங்காத.” மடித்துச் சட்டைப் பையில் போட்டார். அது அந்தச் சட்டையோடு துவைபட்டுப் போயிற்று.

அக்கா அப்போது உள்ளே பூக்கட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளே வந்து மெத்தையை இறக்கியிருப்பாள்.

லாரி சேலத்தில் வேறு லோடுக்காக நின்று, நாலாம் நாள்தான் மதுரை போய்ச் சேர்ந்தது. பத்து நாள் கழித்து அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். மெத்தையைத் தெருவிலேயே போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்களாம். பீரோ கொல்லையில் நிற்கிறதாம். லாரி நாற்றம் என்று அக்கா சொன்னதை யாரும் நம்பவில்லை. அவள் பிறந்த வீட்டு மெத்தையே அப்படித்தான், அங்கே அதில் படுத்துத்தான் வளர்ந்தாள் என்று மாமியார் தெருவுக்கே சொல்லியிருக்கிறார். அக்காவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். அவள் கேட்டது ஒன்றுதான். அந்த லாரி புரோக்கர் மதுரைக்கு வந்து சொல்ல வேண்டும், முடியாவிட்டால் நாற்றம் லாரியில் வந்ததுதான் என்று இரண்டு வரி எழுதியாவது தர வேண்டும்.

அப்பா அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். போய்க் கேளுங்கள் என்று அம்மா தினமும் சொன்னாள். “தெரிஞ்ச மனுசன். அவன்கிட்டப் போய் எப்பிடிக் கேக்கறது?” என்பார். எனக்கு அவர் கையால் சோறு வாங்கவே கூசியது.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டிய மாதம். அப்பா கூப்பிடப் போகவில்லை. மதுரையில் முகம் காட்ட அவருக்குப் பயம். நீயே பஸ் ஏறி வா என்று கார்டு போட்டார்.

அக்கா வந்த காலையில் அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். கூடத்தில் பழனிச்சாமி உட்கார்ந்திருந்தார். அப்பாதான் வரச் சொல்லியிருக்கிறார். பக்கத்து வீட்டு டொமினிக் அங்கிள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் திருச்சிக்குக் குடிபோகிறார். சாமானை யாரிடம் கொடுப்பது என்று அவர் அப்பாவைத்தான் கேட்டார். அவரும் அங்கே இருந்தார். அப்பா தன் கையால் காபி ஆற்றிப் பழனிச்சாமியிடம் கொடுத்தார். நான் வாசல்நிலையோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

டொமினிக் அங்கிள், “நம்பிக் குடுக்கலாமா கோவிந்தா? என் ஒய்ஃபோட ஆர்மோனியம் இருக்கு” என்றார்.

“கண்ண மூடிக் குடுங்க. எம்பொண்ணு சீர் மொத்தமும் இவர்தான் கொண்டு போனாரு. பீரோவுல ஒரு கீறல் இல்ல.”

பழனிச்சாமி தீப்பெட்டியைத் திறந்து, பழைய குச்சி ஒன்றைப் பொறுக்கி எடுத்துப் பல்லிடுக்கில் விட்டார்.

அப்பா பேச்சை நிறுத்தி என் பக்கம் பார்த்தார். என்னை இல்லை, எனக்குப் பின்னால். திரும்பினேன். படியில் அக்கா நின்றிருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். பஸ் ஏறும்போது வைத்த பூ காதோரம் வாடிக் கிடந்தது. பையை அவள் கீழே வைக்கவில்லை. அப்பாவின் கையிலிருந்த டவராவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், கொஞ்ச நேரம். லாரித் தரையை அன்றைக்கே நான் பார்த்தேன் என்பது அவளுக்குத் தெரியுமோ என்னவோ.

“வாம்மா, உள்ள வா” என்றார் அப்பா.

அக்கா பையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, வந்த வழியே பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.