வளைவில் விழுந்த கார்கள்

1961. இங்கிலாந்தின் லூட்டன் நகரத் தேவாலயக் கூடத்தில் எங்கள் பொம்மைக் கார் பந்தயம். பலகையில் வெட்டிய பள்ளத்தில் கார்கள் மின்சாரத்தில் ஓடும். கையிலுள்ள விசையைக் கட்டைவிரலால் அழுத்தினால் வேகம்; அதிகம் அழுத்தினால் வளைவில் கார் தெறித்து விழும். அன்று வந்த நிஜப் பந்தய வீரர் ராட்னி ஹேவர்ஷம், முதல் வளைவிலேயே மூன்று முறை காரைத் தரையில் விழவிட்டார். ஏனென்று எங்களுக்குப் புரியவில்லை.

"நிஜத்துலயும் இப்படித்தானா சார்?" என்றாள் தேநீர் ஊற்றிய மேவிஸ்.

"அங்க கார் வழுக்கினா என் முதுகு சொல்லிடும். இங்க கட்டைவிரலுக்கு என்ன தெரியும்?"

தோற்றவர் வளைவில் நின்று, விழும் கார்களை எடுத்து வைக்க வேண்டும். அவரும் நின்றார்.

அதன்பின், நம் காரில் அவர் கை படட்டுமே என்று எல்லோரும் அங்கேயே காரை விழவைத்தோம். நான்கு வருடச் சாம்பியனான நான் ஒன்பது முறை.

ஒன்பதாவது முறை எடுத்து வைத்தவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க கட்டைவிரலுக்கு இன்னைக்கு என்ன ஆச்சு?"