கோட்டை வாசல் காட்சி

டிக்கெட் கொடுக்கும் ஓட்டை வழியாக அம்சவல்லிக்குத் தெரிவதெல்லாம் கைகள்தான். வளையல் போட்ட கை, சேறு காயாத கை, பீடி மணக்கும் கை. அன்று சாயங்காலம் நீண்ட கையில் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் மூன்று சின்னச் சூட்டுத் தழும்புகள் இருந்தன. பெஞ்சு டிக்கெட் ஒன்று கேட்ட குரலும் தெரிந்த குரல்தான். அவள் வீட்டுப் பின்பக்க அறையில் ஏப்ரல் மாதத்திலிருந்து குடியிருக்கும் லூர்தம்மாள். ஒரே படத்துக்கு ஒன்பது நாளில் நாலாவது தடவையாக வந்திருந்தாள்.

"இன்னாம்மா, மறுபடியுமா?"

"ஆமா அக்கா." கை டிக்கெட்டை எடுத்துக்கொண்டு மறைந்தது.

சுங்குவார்சத்திரத்துக்கு மேற்கே, நெடுஞ்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது அந்தக் கீற்றுக் கொட்டகை. அம்சவல்லியின் புருஷன் புருஷோத்தமன் அங்கே ஆபரேட்டர். அவள் டிக்கெட் கிழிக்க உட்கார்ந்து பதினோரு வருஷமாகிறது. இத்தனை வருஷத்தில் ஒரு படத்தையும் அவள் முழுசாகப் பார்த்ததில்லை. கீற்றுத் தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாப் படத்தையும் காதால் கேட்டாள். எந்த வசனத்துக்கு விசில் வரும், எந்தப் பாட்டுக்கு ஆம்பளைகள் மூத்திரம் பெய்ய எழுந்து வருவார்கள் என்பதெல்லாம் மனப்பாடம். சண்டைப் படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவன் தோளை விரித்துக்கொண்டு நடப்பதையும், அம்மன் படம் ஓடிய வாரத்தில் திரைக்கு எதிரே கற்பூரம் கொளுத்தியதையும் அவள் பார்த்திருக்கிறாள். ஒரு வெள்ளைத் துணியைக் காட்டி இத்தனை பேரை ஏமாற்ற முடிகிறதே என்று சிரிப்பாள். தன்னை ஏமாற்ற முடியாது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் கேட்டில் நிற்கும் தணிகாசலம் ஓட்டை அருகே வந்து குனிந்தான்.

"உன் வூட்டுல குடியிருக்குதே அந்த நாகர்கோயில் பொண்ணு, இன்னிக்கும் எழுந்து போய்டுச்சி."

"எழுந்து போனா இன்னா?"

"நாலு தபாவும் அதே எடம்க்கா. வில்லன் கோட்டை வாசல்ல சண்டை ஆரம்பிக்குது பாரு, கரீட்டா அப்போ. வாட்ச் வெச்சிப் பாத்தேன். இன்டர்வெல் வுட்டு இருவதாவது நிமிசம்."

வேறு ஒரு வருஷமாக இருந்திருந்தால் அவள் இதைக் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டாள். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் அந்தக் குண்டு வெடித்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. பஸ் நிறுத்தத்துச் சுவரில் தேடப்படுகிறவர்களின் படங்கள் ஒட்டியிருந்தன. வாடகைக்கு ஆள் வைத்திருக்கிறவர்கள் பேர், ஊர், வேலை எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும், ஏதாவது ஆனால் வீட்டுக்காரரைத்தான் முதலில் கேட்போம் என்று ஏட்டு சுப்பராயன் தெருத்தெருவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். டீக்கடையில் புதிய முகம் வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றது.

லூர்தம்மாளோ தெற்கத்திப் பேச்சு பேசினாள். தண்ணீரை வெள்ளம் என்றாள். என்னுடைய என்பதை எனக்க என்றாள். நாகர்கோயிலுக்கு அந்தப் பக்கம் கடலோர ஊர் என்று சொன்னதை அம்சவல்லி ஏப்ரலில் நம்பினாள். ஜூலையில் அந்தப் பேச்சே கடலுக்கு அக்கரைப் பேச்சு போலக் கேட்டது. மோட்டாருக்குக் காயில் சுற்றும் கம்பெனியில் வேலை. கையில் தழும்பெல்லாம் கம்பி முனையில் ஈயம் பற்ற வைப்பதில் வந்தது. வீட்டுக்கும் கம்பிச் சுருளும் சோதித்துப் பார்க்க ஒரு பேட்டரியும் கொண்டுவந்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றிக்கொண்டிருப்பாள். கம்பி, பேட்டரி, ஒண்டிப் பெண், தேடி வராத உறவு. அம்சவல்லி இவற்றையெல்லாம் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். அப்படி வைத்துப் பார்க்க அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பதினோரு வருஷமாகத் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அது காதில் விழுந்துகொண்டே இருந்தது.

படம் மாறி, பிலிம் பெட்டி வாலாஜாபாத்துக்குப் போன மறுநாள் காலை நல்ல மழை. லூர்தம்மாள் கம்பெனி வேனில் ஏறிப் போன பிறகு, ஓடு ஒழுகுகிறதா பார்க்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அம்சவல்லி மாற்றுச் சாவியால் பின்பக்க அறையைத் திறந்தாள். ஓடு ஒழுகவில்லை. சுவரில் மாதா படம். கயிற்றில் ஒரு புடவை. மூலையில் தகரப் பெட்டி. அது பூட்டாமல் இருந்தது, அதுகூட ஒரு தந்திரமாகத்தான் அவளுக்குத் தோன்றியது. மடித்த துணிகளுக்கு அடியில் கை விட்டாள். விரலில் அட்டை மாதிரி ஏதோ தட்டியது.

போட்டோ. பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டான உடுப்பு, தொப்பி, குறுந்தாடி. குறுக்கே பிடித்த நீளத் துப்பாக்கி. பின்னால் மரங்கள். அந்த ஆள் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பயம்தான். ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது, அதை அவள் பிறகு எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறாள். நான் நினைத்தது சரியாகப் போயிற்று என்ற சந்தோஷம் அது.

சாப்பிட வந்த புருஷோத்தமனிடம் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான்.

"அதுங்கிட்டயே கேளேன். யாரும்மா இதுன்னு."

"கேக்கறதா? படத்துல கேக்கறவதான் மொதல்ல சாவறா."

"இது படமாடி?"

அவள் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வேறு புடவை கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். மழை விட்டிருந்தது. வழியில் யாரையும் பார்க்காமல், தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நடந்தாள். தன் காலடிச் சத்தம் தனக்கே பெரிதாகக் கேட்டது. எங்கோ ஒரு வயலின் இழுப்பதுபோல இருந்தது.

மறுநாள் காலை வேனுக்கு நின்றுகொண்டிருந்த லூர்தம்மாளை ஜீப்பில் ஏற்றினார்கள். பெட்டியையும் கம்பிச் சுருளையும் எடுத்துக்கொண்டார்கள். தெருவே வாசலில் நின்றது. லூர்தம்மாள் அழவில்லை. ஜீப்பில் ஏறும்போது திரும்பி அம்சவல்லியைத் தேடிப் பார்த்து, "அக்கா, கம்பெனியில ஒண்ணு சொல்லிருங்க. ரெண்டு நாளு லீவுன்னு" என்றாள். வேறு யாரிடமும் சொல்ல முடியாததை அக்காவிடம் சொல்லும் முகம் அது. அம்சவல்லி தலையை ஆட்டினாள். கம்பெனியில் சொல்லவும் செய்தாள்.

ரெண்டு நாள் மூன்று நாளாயிற்று. எங்கே வைத்து விசாரிக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. தெருவில் அம்சவல்லியைப் பார்க்கிறவர்கள் நின்று பேசினார்கள். "தெகிரியம்தான் உனக்கு" என்றார்கள். தணிகாசலம், வாட்ச் வைத்துப் பார்த்தவன் நான்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். இந்தப் பாராட்டெல்லாம் முதல் நாள் இனித்தது. இரண்டாம் நாள் அந்தப் பூட்டிய அறையைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போகப் பிடிக்கவில்லை. போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்தானே அவன், துப்பாக்கி வைத்துக்கொண்டு யாராவது அப்படிச் சிரிப்பார்களா என்று ஒரு கேள்வி எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது.

நாலாம் நாள் காலையில் ஏட்டு சுப்பராயன் சைக்கிளை வாசலில் நிறுத்தினார். மஃப்டியில் இருந்தார்.

"கெளம்பும்மா. வாலாஜாபாத் வரைக்கும் போவணும்."

"எதுக்கு சார்?"

"சினிமாவுக்கு" என்றார். அவர் சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு இன்னா சொல்லுதுன்னா, போட்டோல கீறவன் அது தம்பியாம். அமலதாஸுன்னு பேரு. மூணு வருசம் முன்னாடி சினிமால சேரணும்னு கோடம்பாக்கத்துக்கு ஓடியாந்துட்டானாம். வில்லன் ஆளுங்க கூட்டத்துல துப்பாக்கி புடிச்சிக்கினு நிக்கிற வேசம். அந்த டிரஸ்ல ஒரு போட்டோ எடுத்து அனுப்பிச்சவன்தான், அப்புறம் ஒரு தகவலும் இல்லயாம். அவனைத் தேடித்தான் இந்தப் பக்கம் வேலைக்கு வந்துச்சாம். உங்க கொட்டாயில ஓடிச்சே, அந்தப் படத்துல வரானாம். கோட்டை வாசல்ல நிக்கிறவன். அதான் நாலு தபா வந்துச்சாம்."

"போட்டோ உங்ககிட்ட கீதே சார்? நீங்களே பாத்துக்கலாமே."

"போட்டோ மெட்ராஸுக்குப் போய்டுச்சி. நான் ஒரு தபா பாத்ததோட சரி. நீதான நின்னு நெதானமா பாத்தவ. வந்து பாத்து, அவனா இல்லயான்னு சொல்லு. நான் ரிப்போர்ட் எழுதணும்."

பகல் காட்சி. வாலாஜாபாத் கட்டிடத் தியேட்டரில் மின்விசிறிகள் கடகடத்தன. அம்சவல்லி முதல் தடவையாகத் திரைக்கு முகம் காட்டி உட்கார்ந்தாள். பக்கத்தில் ஏட்டு. படம் ஆரம்பித்தது. ஒன்பது நாள் காதால் கேட்ட குரல்களுக்கெல்லாம் முகம் வந்தது. கணீரென்று பேசிய அம்மா இவ்வளவு ஒடிசலா? கதாநாயகி அழுத இடத்தில் அவள் உண்மையில் மழையில் நின்றுகொண்டிருந்தாள். கொட்டகையில் கேட்டபோது ஏதோ தாளிக்கிற சத்தம் என்று அம்சவல்லி நினைத்திருந்தாள். நாயகனின் தங்கையை வில்லன் ஆட்கள் தீவுக் கோட்டைக்குத் தூக்கிப் போனபோது அவள் கை பெஞ்சுக் கட்டையை இறுகப் பிடித்திருந்தது. இடைவேளையில் ஏட்டு வாங்கித் தந்த கடலை மடியிலேயே கிடந்தது.

இடைவேளை முடிந்தது. இருபது நிமிஷம் என்பது நினைவில் இருந்தது. ஆனால் நாயகன் கடலில் குதித்து, நீந்தி, பாறையில் ஏறி, ஈரம் சொட்டச் சொட்டக் கோட்டைச் சுவரில் கயிற்றை வீசியபோது தியேட்டரே எழுந்து கத்தியது. கயிறு ஒரு கல்லில் மாட்டி அறுந்துகொண்டே வந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கயிற்றைப் பார்த்தாள். விழுந்துவிடாதே என்று வாய்க்குள் சொன்னாள். அப்போது ஒரு குரல் கேட்டது. "யாரது அங்கே?" ஒன்பது நாளும் கேட்ட குரல். உடனே துப்பாக்கிச் சத்தம். புகை. யாரோ ஒருவன் விழுந்தான். அவன்மேல் காலை வைத்துத் தாண்டி நாயகன் உள்ளே ஓடினான். தங்கை "அண்ணா" என்று கூவினாள். அந்தக் கூவலில்தான் அம்சவல்லிக்குச் சுரீரென்றது. அதுதான் கோட்டை வாசல். அது முடிந்துவிட்டது.

அவள் கீழே விழுந்தவனைப் பார்க்கவில்லை. கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வெயிலில் நின்று ஏட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவளைப் பார்க்காமல், போஸ்டரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இன்னாம்மா? அவன்தானா?"

"நீங்க பாக்கலியா சார்?"

"நான் எங்க..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். காது மடல் சிவந்திருந்தது. "நீ சொல்லு. இன்னொரு ஆட்டம் வரைக்கும் உக்கார முடியாது, எனக்கு பந்தோபஸ்து கீது."

ஜீப்பில் ஏறும்போது திரும்பிய முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது. அதே சமயம், கதை சொல்லித் தப்பிக்கிற பெண்கள் எத்தனை பேரின் குரலைத் தட்டிக்குப் பின்னாலிருந்து கேட்டிருக்கிறாள் என்பதும் ஞாபகம் வந்தது. கோட்டை வாசலில் எவனோ ஒருவன் நிற்பான் என்பது அந்தப் படம் பார்த்த யாருக்கும் தெரியும். அதை வைத்துக்கொண்டு யாரும் தம்பி என்று சொல்லலாம்.

"அவன்தான் சார்" என்றாள்.

"நல்லாத் தெரியுமா?"

"அந்தத் தாடி. அந்தச் சிரிப்பு. அவனேதான்."

வாசல் காக்கிறவன் சுடப்படும்போது சிரித்திருப்பானா என்று ஏட்டு கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் லூர்தம்மாள் வந்துவிட்டாள். கம்பெனி சூப்பர்வைசரும் ஒரு பாதிரியாரும் போய்ப் பேசியதாகச் சொன்னார்கள். காலிரண்டும் வீங்கியிருந்தன. நின்றுகொண்டே இருக்கச் சொன்னார்கள் என்பதைத் தவிர அவள் வேறெதுவும் சொல்லவில்லை. அம்சவல்லி காப்பி கொண்டுபோய் வைத்தாள். வாசல்படியருகே நின்றாள்.

"நீங்க போய்ப் பாத்தியளாமே அக்கா. ஏட்டய்யா சொன்னாரு."

"ம்."

"அவன் பேசுகது எனக்க தம்பிக்க குரலு இல்லக்கா. வேற யாரையோ பேச வச்சிருக்கானுவ. மூஞ்சி மட்டுந்தான் அவன்." லூர்தம்மாள் காப்பியைத் தொடவில்லை. "சுடுகதுக்கு முன்னாடி நான் எழும்பிப் போயிருவேன். எனக்குப் பாக்க ஏலாது. நீங்கதான் முழுசா பாத்திருக்கிய. சொல்லுங்க. விழுந்தப்போ அவனுக்கு அடி ஏதும் பட்ட மாதிரி இருந்துச்சா?"

அம்சவல்லி குனிந்து காப்பியை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

"ஒண்ணும் ஆவலம்மா. மணல்லதான் வுழுந்தான். கைய ஊனிக்கினு மெதுவா."

லூர்தம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் நன்றி இருந்ததா, வேறேதாவது இருந்ததா என்று அம்சவல்லிக்குப் பிடிபடவில்லை. பிறகு லூர்தம்மாள் மெல்ல, "அங்க மணலு கிடையாதுக்கா. பாறை" என்றாள்.

அவள் வீட்டைக் காலி செய்யவில்லை. வேறெங்கும் அவளுக்கு வீடு கிடைக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை அம்சவல்லி அடுக்களை ஜன்னலில் நின்று அரிசி களைந்துகொண்டிருந்தபோது பின்பக்கக் கதவு திறந்தது. லூர்தம்மாள் குடத்தோடு வெளியே வந்தாள். கிணறு பத்தடிகூட இல்லை. குடத்தைக் கீழே வைத்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைப் பூட்டு, கடைப் பளபளப்புப் போகாதது, அதைக் கொண்டியில் மாட்டிச் சாவியைத் திருப்பினாள். இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். பிறகு குடத்தை இடுப்பில் வைத்து, சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டு, வீங்கிய காலைத் தாங்கித் தாங்கிக் கிணற்றடிக்கு நடந்தாள்.