பிலே மீன்

அஞ்சலாட்சியின் தொண்டையில் முள்ளுவாளை முள் மாட்டியது ஆடி மாசக் கடைசியில். பகல் ஷிப்டு முடித்து நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் தண்ணீர்க் குடத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். கண் இரண்டும் பிதுங்கி, வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. என்ன என்று கேட்டால் கையை ஆட்டினாள். தெருப் பெண்கள் சோற்றை உருண்டை பிடித்து அப்படியே முழுங்கச் சொன்னார்கள். வாழைப்பழம் கொடுத்தார்கள். ஒருத்தி முதுகில் குத்தினாள். முள் அசையவில்லை. கடைசியில் ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் குறடு விட்டு எடுத்துத் தட்டில் போட்டார். பார்த்தால் இத்தனூண்டு. ஈர்க்குச்சியின் நுனி மாதிரி இருந்தது.

முள் போய்விட்டது. பயம் போகவில்லை.

அதற்கப்புறம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வாயில் வைப்பாள், மெல்லுவாள், மென்றுகொண்டே இருப்பாள். முழுங்குகிற நேரம் வந்ததும் கண் பெரிதாகும். எழுந்து வெளியே போய்த் துப்பிவிட்டு வருவாள். கஞ்சித் தண்ணி ஒன்றுதான் உள்ளே போனது. வயிற்றில் பிள்ளை அசைய ஆரம்பித்த மாசம் அது. முன்னே ஒன்று உண்டாகித் தங்காமல் போயிருந்தது. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, வயிறு மட்டும் தனியாக முன்னால் போக அவள் நடப்பதைப் பார்த்துவிட்டு மில்லுக்குப் போனால் எனக்கு வேலையில் மனசு நிற்காது. தறியில் நூல் அறுந்து கிடக்கும், நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பேன். மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கினேன்.

மறுபடியும் டாக்டரிடம் கூட்டிப்போனேன். வெள்ளைக்காரன் கொடி இறங்கி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தாலும் அந்த ஆஸ்பத்திரியில் பாதிப் பேச்சு பிரெஞ்சில்தான் நடந்தது. டாக்டர் நம் ஊர் மனுஷர்தான். ஆனால் படித்தது எல்லாம் அந்த பாஷையில். தொண்டைக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார்.

"தொண்டை சுத்தமா இருக்கு. பயம், வேற ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு அவளிடம், "உனக்கு என்ன சாப்பிடப் புடிக்கும்?" என்று கேட்டார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு, "மீனு" என்றாள்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லது. மீனே குடு. வெள்ளை மீன். பிலே. பிலே மட்டும்தான் குடுக்கணும், புரியுதா?" என்றார் என்னிடம்.

"புரியுதுங்க முசே" என்றேன்.

வெளியே வந்ததும் அஞ்சலாட்சி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பிலேன்னா இன்னாய்யா?"

"வலைடி."

எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. மில்லுக்கு வருமுன்னே வெள்ளைக்காரர்கள் டென்னிஸ் ஆடுகிற கிளப்பில் எனக்கு வேலை. குறுக்கே வலையைக் கட்டுவதும் நான், அவிழ்ப்பதும் நான், கிழிந்தால் தைப்பதும் நான். பந்து வலையில் பட்டால் "பிலே! பிலே!" என்று கத்துவார்கள். மழை வந்தால், வலையை அவிழ் என்று சொல்லவும் அதே வார்த்தைதான். பிரெஞ்சில் எனக்கு இருபது வார்த்தை தெரியும் என்றால் அதில் முதல் வார்த்தை அது.

"வலை மீனா?" என்றாள் அவள். "மீனெல்லாம் வலையிலதான வருது?"

"தூண்டில்லயும் புடிக்கிறாங்க இல்ல? தூண்டில் மீனுக்குத் தொண்டையில முள்ளு குத்தியிருக்கும். உனக்கும் தொண்டையில முள்ளு குத்திச்சி. முள்ளு பட்டவ முள்ளு பட்ட மீன துன்னக் கூடாது. அதான் வலை மீனு மட்டும்னு சொல்றாரு."

அவள் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தாள். அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

"படிச்சவங்க படிச்சவங்கதான்" என்றாள்.

மார்க்கெட்டில் கிடக்கிற மீனைப் பார்த்து எது வலையில் வந்தது, எது தூண்டிலில் வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துத் தறி தணிகாசலத்திடம் சைக்கிள் வாங்கிக்கொண்டு வீராம்பட்டினத்துக்கே போனேன். வாரமெல்லாம் நின்ற கால். அரியாங்குப்பம் ஆறு தாண்டுவதற்குள் கெண்டைக்கால் கல் மாதிரி ஆகிவிட்டது. மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கரைக்குப் போனபோது கட்டுமரங்கள் வந்து கரையேறியிருந்தன. குஞ்சம்மாள் என்று ஒரு அம்மாள், எங்கள் பேட்டையான சாரத்துப் பக்கமும் கூடை தூக்கி வருகிறவள்தான், மீனைக் குவித்து வைத்துக்கொண்டு குந்தியிருந்தாள்.

"இது வலை மீனாம்மா?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இல்லய்யா. மரத்துல காச்சி வுழுந்துது, பொறுக்கியாந்தேன்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அதுக்கில்ல. தூண்டில்ல புடிச்சது வேணாம். டாக்டரு சொல்லியிருக்காரு. வலையில வந்ததுதான் வேணும். வெள்ளை மீனா வேணும்."

"டாக்டரு மீனப் பாக்கறாரா, மனுஷனப் பாக்கறாரா?" என்று கேட்டுக்கொண்டே அவள் ஒரு கூடையைச் சாய்த்தாள். "இந்தா, காரப்பொடி. இதப் போயி எவனாச்சும் தூண்டில் போட்டுப் புடிப்பானா? வெள்ளன்னா இதவிட வெள்ள கடல்லயே இல்ல."

உண்மைதான். தேய்த்த வெள்ளி மாதிரி பளபளவென்று இருந்தது. ஒவ்வொன்றும் உள்ளங்கையில் பாதி. வாங்கிக்கொண்டு, கெடாமல் வீடு சேர வேண்டுமே என்று வந்த வழியே மிதித்தேன்.

அஞ்சலாட்சி வாசலிலேயே நின்றிருந்தாள். அடுப்பைப் பற்ற வைத்திருந்தாள், மசாலாகூட அரைத்திருந்தாள். முறத்தில் மீனைக் கொட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இன்னா இது?"

"பிலே மீனு."

"இது காரப்பொடிய்யா!"

"வலையில வந்த காரப்பொடி."

"யோவ், உனக்குப் புத்தி இருக்குதா? இதுல சதை எங்க இருக்குது? முழுக்க முள்ளு. முள்ளு மாட்டிச் சாவக் கெடந்தவளுக்கு முள்ளாவே அள்ளியாந்து கொட்டுறியே!"

கத்திக்கொண்டே இருந்தவள் திடீரென்று அழ ஆரம்பித்தாள். கோபத்தில் அழுதது அல்ல அது. பசி. அது எனக்கும் தெரிந்தது. முறத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் பாவாடை அண்ணன் வீடு. அவர் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் குசினியில் வேலை பார்க்கிறவர். மத்தியானச் சமையலை முடித்துவிட்டு வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாடா சாமிக்கண்ணு, மாசமா இருக்கிற பொண்ண அழ வுட்டுக்கினு?"

நான் நடந்ததைச் சொன்னேன். டென்னிஸ் கிளப்பு, பிலே, தூண்டில் முள் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், பிலேன்னா வலைதான். இல்லன்னு சொல்லல. ஆனா குசினியில அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேற. நடு எலும்ப ஒட்டிக் கத்திய வுட்டு, சதைய மட்டும் தனியா சீவி எடுக்கறோம் பாரு, அதுக்கும் பேரு பிலேதான். முள்ளில்லாத சதை. அதத்தான் சொல்லியிருக்காரு."

"அதத் தமிழ்ல சொல்றதுக்கு அவருக்கு இன்னாவாம்?"

"நீ புரியுதுன்னு சொன்னியா, இல்லியா?"

நான் முறத்தைக் கீழே வைத்தேன்.

"கொடுவா வாங்கு" என்றார் பாவாடை. "வெள்ளச் சதை, பெரிய முள்ளு, கண்ணுக்குத் தெரியும். என் கத்திய எடுத்துக்கினு போ. தலைக்குப் பின்னால ஒரு வெட்டு. அப்புறம் கத்திய எலும்பு மேல படுக்க வெச்சி வாலு வரைக்கும் இழு. வெண்ணெயில வாட்டி, எலுமிச்சம்பழம் புழிஞ்சி, மேல லேசா மிளகு தூவிக் குடு. எங்க மதாமுக்கு அப்பிடித்தான்."

அழுதுகொண்டிருந்தவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "ஐய! உப்பு ஒறப்பு இல்லாம அத எவ துன்னுவா?"

"காரம் போட்டா தொண்டை எரியுமேம்மா."

"எரியட்டுண்ணே. எரிஞ்சாதான எறங்குதுன்னு தெரியும்."

அந்தக் காரப்பொடியைக் குழம்பு வைத்துக் கொடுத்தாள். அவள் கண்ணில் படாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நான் ஒருவனாகத் தின்றேன்.

மறுநாள் ஷிப்டு முடிந்ததும் மேலில் பஞ்சோடு நேராகப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். அங்கே குஞ்சம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"வாய்யா டாக்டரு வூட்டு ஆளு! இன்னிக்கி எந்த மீனு? ஏணி வெச்சிப் புடிச்சதா?"

"கொடுவா குடும்மா. சின்னதா, முழுசா. துண்டு போட வேணாம்."

"துண்டு போடாம? அப்பிடியே முழுங்கப் போறியா?"

"முள்ளில்லாம சீவப் போறேன்."

"முள்ளில்லாத மீனு வேணும்னா தேங்கா வாங்குய்யா" என்று சொல்லிக்கொண்டே செதிலைச் சுரண்டி, குடலை எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டில் அஞ்சலாட்சி காத்திருந்தாள். "சட்டுனு செய்யி" என்றாள். "மீனு வாசம் வந்தா எனக்குப் பசிக்குது. தட்டு கைக்கு வர்றதுக்குள்ள பயம் வந்துடுது. அதுக்கு முன்னால குடுத்துடு."

அதனால் மசாலா அரைக்கவில்லை, ஊற வைக்கவில்லை. மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, அம்மியில் ஒரு இழுப்பு இழுத்த மிளகும் பூண்டும். வடவ உருண்டை ஒன்றைக் கையாலேயே பொடித்துப் போட்டேன். அரை மூடி எலுமிச்சம்பழம். மல்லாட்டைக் கடலை எண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பிசைந்தால் களி மாதிரி வந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டுக் கத்தியை எடுத்தேன்.

பாவாடை சொல்லும்போது சுலபமாக இருந்தது. கையில் மீன் வழுக்கிக்கொண்டு ஓடியது. கத்தி எலும்பின் மேல் படுக்காமல் மேலே மேலே ஏறிக்கொண்டது. ஒரு வழியாக இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு பாளம் வந்தது. விலாப் பக்கத்து எலும்பை அரிந்து தள்ளினேன். பிறகு விரலால் தடவிப் பார்த்தேன். மில்லில் அறுந்த இழையைக் கண்ணால் தேடினால் கிடைக்காது, விரலை ஓட்டினால்தான் தட்டுப்படும். தலைப் பக்கத்தில் ஒரு வரிசை முள் அப்படித்தான் தட்டுப்பட்டது. நகத்தால் பிடித்து ஒவ்வொன்றாக உருவினேன். எதிர்த் திசையில் இன்னொரு தரம் தடவினேன். இல்லை. பட்டையாக நறுக்கி, மசாலாவைத் தடவி, காய்ந்த தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுப் போட்டேன்.

வடவம் எண்ணெயில் பட்டதும் வாசம் தெருவுக்கே போய்விட்டது. எதிர்வீட்டு ஆதிலட்சுமி வந்து வாசலில் நின்றாள்.

"இன்னாடி அஞ்சலாட்சி, ஒம் புருஷன் தறி ஓட்டறத வுட்டுட்டு அடுப்பு ஓட்டறாரா?"

"நீ போடி. கண்ணு வைக்காத."

சதை ஓரத்தில் வெளுத்ததும் திருப்பிப் போட்டேன். மெல்லிய பட்டைதான், அடுத்த பக்கமும் சீக்கிரம் ஆகிவிட்டது. கறிவேப்பிலையை உருவிப் போட்டுவிட்டு இறக்கினேன். மேலே சிவந்து முறுகலாக, உள்ளே பருத்திப் பஞ்சு மாதிரி வெள்ளையாக இருந்தது. சூட்டோடு தட்டில் வைத்து நீட்டினேன்.

"நீ மொதல்ல துன்னு" என்றாள்.

ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன். முழுங்கினேன். வாயைத் திறந்து காட்டினேன்.

அவள் ஒரு பட்டையை எடுத்தாள். விரலால் பிய்த்தாள். பிய்த்ததை இன்னும் பிய்த்தாள். நசுக்கிப் பார்த்தாள். வாயில் வைத்தாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். கண் பெரிதாக ஆரம்பித்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

திடீரென்று இருமல். முகமெல்லாம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. "வாயத் தொற! வாயத் தொறடி!" என்று தாடையைப் பிடித்து விரலை உள்ளே விட்டேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"வுடுய்யா! காரம்! மொளகாத் தூள வாரிக் கொட்டி வெச்சிருக்கியே!"

தண்ணீரை வாங்கிக் குடித்தாள். தொண்டையைத் தடவிக்கொண்டாள்.

"எறங்கிடுச்சா?" என்று கேட்டேன்.

"எறங்கிடுச்சி" என்றாள். அவளுக்கே நம்பிக்கை இல்லாத மாதிரி இன்னொரு முறை எச்சிலை முழுங்கிப் பார்த்தாள். பிறகு அடுத்ததை எடுத்தாள். அதைப் பிய்க்கிறபோது முதல் தடவை மாதிரி நசுக்கவில்லை. மூன்றாவதைக் கடித்தே தின்றாள். நான் கல்லில் போட்டுக்கொண்டே இருந்தேன், அவள் எடுத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு ஒன்றாவது வைக்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

தட்டு காலியானதும் அவள் பார்வை பலகைக்குப் போனது. அங்கே கொடுவாயின் நடு எலும்பு தலையோடு கிடந்தது.

"இத இன்னா பண்ணப் போற?"

"பூனைக்குப் போடலாம்னு."

"பூனைக்கா?" எழுந்து வந்து அதை வாலைப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "பாதி மீனு இதுலதான இருக்குது! நல்லா சீவின போ. பாவாடைண்ணன் பாத்தா கத்திய புடுங்கிக்குவாரு. இப்பிடி நாசம் பண்ணுவானா எவனாச்சும்?"

"அது முள்ளுடி..."

"தெரியுது, தள்ளு."

மசாலாக் கிண்ணத்தை அந்த எலும்பாலேயே வழித்தாள். இரண்டாக ஒடித்துக் கல்லில் போட்டாள். எண்ணெய் பற்றவில்லை என்று என்னைத் திட்டினாள். எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் இருந்த சதையை நகத்தால் நோண்டி, விரலில் ஒரு தரம் உருட்டிப் பார்த்து, வாயில் போட்டுக்கொண்டாள். முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். மறுபடியும் நோண்டினாள்.

பார்த்துத் துன்னு என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, கத்தியைக் கழுவப் போனேன்.