வெளுத்துப் போன சிவப்புக் கார்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. மின்விசிறிச் சத்தத்தில் என் குரல் அமுங்கிவிடும், இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஓர் அக்காவும் தம்பியும் கணினித் திரை வாங்கப் போன கதையைச் சொல்கிறேன்.

அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். தம்பி வெல்டர். இருவருக்கும் நாற்பதை ஒட்டிய வயது. ஆனால் இந்தக் கதையில் பாதி, அவள் ரெட்டைச் சடையும் அவன் அரைக்கால் டிராயருமாகத் திரிந்த காலத்திலேயே நடந்துவிட்டது.

அவர்களுடைய அப்பா ஓர் அலுவலகத்தில் காவலாளி. அங்கே பழையதென்று கழித்துப்போட்ட கணினியை, குண்டு மானிட்டரோடு சேர்த்து, சைக்கிள் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். அப்பப்பா, என்ன கனம்! மேசை தாங்காதென்று இரும்புப் பெட்டியின் மேல் வைத்தார்கள். திரைக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் முடியெல்லாம் சிலிர்த்து நிற்கும். சூடேறினால் தூசி வறுபடும் வாசனை வரும். வீட்டுப் பூனை அதன் முதுகில் ஏறிச் சுருண்டுவிட்டால் அம்மா கூப்பிட்டாலும் இறங்காது. சில நாள் திரை முழுக்கப் பச்சையாகிவிடும். மானிட்டரின் விலாவில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். எந்த இடத்தில் என்பது தம்பிக்கு மட்டும்தான் தெரியும்.

அதில் இருந்தது ஒரே ஒரு கார்ப் பந்தயம். திரை நடுவில் இரண்டாகப் பிரியும். இடப்பாதி தம்பிக்கு, சிவப்புக் கார். வலப்பாதி அக்காவுக்கு, நீலக் கார். அவரவர் பாதிக்கு நேரே தரையில் உட்கார வேண்டும், அடுத்தவர் பாதியை எட்டிப் பார்த்தால் ஆட்டம் செல்லாது. இது அவர்கள் போட்ட சட்டம். தம்பி வாயாலேயே இன்ஜின் சத்தம் எழுப்புவான். அதனால் வீட்டில் அவனுக்கு ‘வண்டு’ என்று பெயர்.

“டேய் வண்டு, எட்டிப் பாக்குற!”

“உன் காரைப் பாக்க என்னக்கா இருக்கு? அது எனக்குப் பின்னாடிதானே வருது.”

“ரெண்டு பேரும் சாப்பிட வரீங்களா, இல்ல அந்தப் பெட்டியையே கடிச்சுத் தின்னுக்கிறீங்களா?” என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வரும்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகும் அந்த ஆட்டம் நிற்கவில்லை. திரைகள்தான் மாறின. ஞாயிறு தவறாமல் தம்பி அக்கா வீட்டுக்கு வந்து இடப்பக்கம் உட்கார்ந்துவிடுவான்.

போன வருடம் பட்டறையில் ஓர் இரும்புத் துகள் அவன் வலக்கண்ணில் பாய்ந்தது. அறுவை சிகிச்சை செய்து கண்ணைக் காப்பாற்றினார்கள். “பார்வை நல்லா இருக்கு, தாராளமா வேலைக்குப் போங்க” என்று டாக்டரே சொல்லியும் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. எதைப் பார்த்தாலும் மங்கலாக இருக்கிறதோ என்ற சந்தேகம். முதலாளி ஆள்மேல் ஆள் அனுப்பினார். கடைசியில், வருகிற திங்கட்கிழமை போய், வேலையை விடுகிறேன் என்று சொல்லிவிடத் தம்பி முடிவுகட்டினான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டமும் எப்போதோ நின்றுபோயிருந்தது.

“கண்ணு சரியில்லாதவனுக்கு என்னக்கா விளையாட்டு?”

சொல்லிச் சொல்லி அக்காவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். அந்த நேரம் பார்த்து அவள் வீட்டுத் திரை மண்டையைப் போட்டது. நல்ல சாக்கு.

“புதுசு வாங்கணும்டா. தனியா போனா என் தலையில எதையாவது கட்டிடுவாங்க. கூட வா.”

சனிக்கிழமை கடைக்குப் போனார்கள்.

“எவ்வளவுல பாக்குறீங்கம்மா?” என்றார் கடைக்காரர்.

“நடுத்தரமா காட்டுங்க. அதுக்கு மேல போனா என் வீட்டுக்காரர் என்னையும் அந்தப் பெட்டியோட சேத்துத் திருப்பி அனுப்பிடுவார்.”

“அப்ப ரொம்பத் துல்லியமான 4கே பக்கமே போகாதீங்க. விலையும் ஜாஸ்தி, உங்க கம்ப்யூட்டருக்கும் மூச்சு வாங்கும். இந்த ரெண்டுல ஒண்ணு எடுங்க, ஒரே விலைதான். இது வினாடிக்கு இருநூத்தி நாப்பது தடவை படம் மாறும், சும்மா பறக்கும். அது ஐ.பி.எஸ்.னு வேற வகைத் திரை, நூத்தி நாப்பத்தி நாலுதான்.”

“பறக்குறதையே போடுங்க.”

கடைக்காரர் அதில் ஒரு கார்ப் பந்தயத்தைப் போட்டு, இரண்டு கண்ட்ரோலர்களைக் கையில் கொடுத்தார். திரை அலமாரியில் சற்று வலப்பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தது. யாரும் சொல்லாமலே தம்பி இடப்பக்கம் போய் நின்றான், அக்கா வலப்பக்கம்.

அரைச் சுற்றுகூட ஆகவில்லை. தம்பி உள்ளங்கையால் வலக்கண்ணைப் பொத்திப் பார்த்தான். பிறகு இடக்கண்ணை. கண்ட்ரோலரைக் கீழே வைத்தான்.

“போலாம்க்கா.”

“என்னடா ஆச்சு?”

“இடது கண்ணும் போச்சுக்கா. சிவப்புக் காரு வெளுத்துப் போன துணி மாதிரி தெரியுது. ஒவ்வொரு கண்ணா மூடிப் பாத்துட்டேன். ரெண்டுலயும் அப்படித்தான் இருக்கு.”

அக்கா என்ன செய்வதென்று தெரியாமல் அவன் நின்ற இடத்திலேயே போய் நின்று திரையைப் பார்த்தாள். கார் வெளுத்துக் கிடந்தது.

“டேய், எனக்கும் வெளுத்துத்தான்டா தெரியுது!”

“எனக்காகப் பொய் சொல்லாதக்கா.”

அக்கா அவன் காதைப் பிடித்து இழுத்துவந்து, தான் நின்ற வலப்பக்கத்தில் நிறுத்தினாள். மிளகாய்ப்பழச் சிவப்பில் கார் நின்றது. அவன் ஒரு கண்ணை மூடினான். சிவப்பு. மற்றதை மூடினான். அதிலும் சிவப்பு.

“இந்த வகைத் திரை அப்படித்தான் சார்,” என்றார் கடைக்காரர். “நேரா பாத்தா ராஜா, பக்கவாட்டுல போனா வெளுத்துடும். எல்லாரும் நேரா நின்னுதானே பாப்பாங்க. நீங்க ரெண்டு பேரும் எதுக்கு ஆளுக்கொரு மூலையில நின்னீங்க?”

அதை அவருக்கு எங்கிருந்து சொல்லத் தொடங்குவது? அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பல மாதங்களுக்குப் பிறகு தம்பி சிரித்தான். கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தான்.

அடுத்த திரையைச் சோதித்தது அவன்தான். இடப்பக்கக் கோடியில் நின்றான், குனிந்தான், கடை நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தே பார்த்தான். எங்கிருந்து பார்த்தாலும் கார் சிவப்பாகவே இருந்தது.

“இதுல வேகம் கம்மியாமேடா?”

“உன் ஓட்டத்துக்கு இதுவே ஜாஸ்திக்கா. எடு.”

ஞாயிற்றுக்கிழமை புதுத் திரையில் ஆடினார்கள். தம்பி தோற்றான், மறுபடியும் தோற்றான். “பள்ளிக்கூடப் பிள்ளைங்கள இப்படித்தான் ஓட்டிட்டுப் போறியா? பெத்தவங்களுக்குத் தெரியுமா?” என்று கத்தினான். அவள் கணவர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, “அக்கம்பக்கத்துல தூங்க வேணாமா?” என்றார். கேட்பார் இல்லை.

மறுநாள் தம்பி சொன்னபடியே பட்டறைக்குப் போனான். முதலாளி பேச வாயெடுக்குமுன், “நல்ல முகக்கவசமா ஒண்ணு குடுங்க. எந்த வேலை பாக்கி கிடக்கு?” என்று கேட்டான்.

இவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டிலும் யார் கண்ணும் கலங்காதிருக்கட்டும். சேர்ந்து சிரிக்கவும் செல்லச் சண்டை போடவும் ஆள் குறையாதிருக்கட்டும். கோபித்துக்கொண்டு எழுந்து போகிறவர் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்துவிடட்டும். எல்லாரும் நன்றாக இருங்கள்.